கடைசிக் குரல் முடியும்வரை

எங்கள் சபையில், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் எல்லோருக்கும் ஒன்றாகத் தொடங்கும். ஒன்றாக முடியாது.

"அவரவர் தாய்ப்பாஷையிலே ஜெபிப்போம்" என்று எங்கள் போதகர் ஐயர் சொன்னதும் எழுபது பேர் வாய் திறப்போம். எனக்கு முன்வரிசையில் மிசோரம் பிள்ளைகள் நான்கு பேர் "கன் பா, வானா மி" என்று ஆரம்பிப்பார்கள். ஜன்னலோரம் நர்ஸ் சேச்சி "ஸ்வர்கஸ்தனாய ஞங்ஙளுடெ பிதாவே" என்பார். ரயில்வேயில் வேலை பார்க்கும் தெலுங்குக் குடும்பம் "பரலோகமந்துன்ன மா தண்ட்ரி" என்று லேசாக இழுக்கும். கடைசி பெஞ்சில் ஜார்க்கண்ட் தம்பிகள் இந்தியில் முணுமுணுப்பார்கள். கண் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்த தான்சானியா டாக்டர் இருந்தவரைக்கும் "பாபா யேத்து உலியே ம்பிங்குனி" என்று ஒரு கனத்த குரல் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில், ஓட்டுக்கூரை மேல் மழை விழுகிற மாதிரி, நாங்கள்: "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே…"

இங்கிலீஷில் சொல்பவர்கள் முதலில் முடிப்பார்கள். அப்புறம் மிசோ, இந்தி. நாங்கள் ஆமென் சொல்லும்போது சேச்சியும் எங்களோடு வந்து சேர்ந்துவிடுவார். எல்லாம் அடங்கிய பிறகும் ஒரு குரல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அது இலங்கை அம்மாவின் குரல். அவரும் தமிழில்தான் சொல்கிறார், நாங்கள் சொல்லும் அதே வார்த்தைகளைத்தான். ஆனால் எங்கள் வேகத்தில் பாதி. "ராஜ்யமும்" என்பார், மூச்சு விடுவார். "வல்லமையும்." இன்னொரு மூச்சு. "மகிமையும்." அவருடைய ஆமென் வரும்வரை ஐயர் அடுத்த வரியைத் தொட மாட்டார். ஆர்கன் வாசிக்கும் தம்பி கையைக் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். குழந்தைகள்கூட அந்த இடத்தில் பேசுவதில்லை. பதினைந்து நொடி இருக்கலாம், இருபது நொடி இருக்கலாம். ஒரு வாரம் முழுக்க நான் ஏங்குவது அந்த இருபது நொடிக்காகத்தான்.

எங்கள் கோயில் வைகைக்கு வடகரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். சின்னக் கட்டடம், சின்னச் சபை. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி வரும் எதிர்சேவை நாளில் எங்கள் தெருவுக்குள் சைக்கிள்கூட நுழைய முடியாது. அன்றைக்கு வாசலில் தண்ணீர்ப் பானையும் நீர்மோரும் வைப்போம். அது எங்கள் தாத்தா காலத்திலிருந்து இருக்கும் வழக்கம்.

இத்தனை ஊர்க்காரர்கள் இங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். ஆளைத் தேடி நாங்கள் எங்கேயும் போகவில்லை. மதுரைக்கு வந்தவர்கள் எங்களிடமும் வந்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்கன் கல்லூரி 1881-லிருந்து இருக்கிறது, லேடி டோக் கல்லூரி 1948-லிருந்து. வடகிழக்குப் பிள்ளைகள் மதுரைக்குப் படிக்க வருகிறார்கள். 1976-இல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பயிற்சிக்கு ஆட்கள் வருகிறார்கள். நகரம் நாலு பக்கமும் அடுக்குமாடியாக வளர்கிறது, சாரம் கட்டவும் கம்பி கட்டவும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர்களில் சிலருடைய கால் ஒரு சிலுவையைத் தேடும். எங்கள் கேட் திறந்திருக்கும்.

இலங்கை அம்மா கதை வேறு. 1990-இல் படகில் வந்து, மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து மதுரைப் பக்கத்து முகாமுக்கு மாற்றப்பட்டவர். யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். முதல் தடவை கோயிலுக்கு வந்த அன்று, "இது எங்கட ஊர்க் கோயில் மாதிரியே கிடக்கு" என்றாராம். நான் அப்போது சின்னப்பெண். ஏதோ ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிற்பாடு சபை வரலாறு படித்தபோதுதான் விளங்கியது. மதுரைக்கு அமெரிக்க மிஷன் வந்ததே யாழ்ப்பாணத்திலிருந்துதான். 1816-லிருந்து யாழ்ப்பாணத்தில் வேலை செய்த மிஷன், 1834-இல் ஹாய்சிங்டன், டாட் என்ற இரண்டு பேரைக் கடல் தாண்டி மதுரைக்கு அனுப்பியது. கூடவே யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும் வந்தார்கள். அவர்கள் திறந்த பள்ளிக்கூடங்களின் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கும் எழுத்து வந்தது. ஆகவே அந்த அம்மா எங்கள் சபைக்கு அகதியாக வரவில்லை. தாய் வீட்டிலிருந்து வந்திருக்கிறார். இதை அவரிடம் சொன்னேன். என் கன்னத்தைத் தடவிவிட்டு, "அப்ப நான் உனக்குப் பெரியம்மா முறையடி பிள்ளை" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பெரியம்மா.

இப்படி எல்லா மொழியும் சேர்ந்து ஆராதிப்பது சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேதபாடம் மூன்று வாசிக்கிறோம்: ஒன்று தமிழில், ஒன்று இங்கிலீஷில், ஒன்று அந்த வாரம் முறை வருகிறவரின் மொழியில். பிரசங்கம் தமிழில். நடுவில் இரண்டு இடத்தில் ஐயர் நிறுத்தி இங்கிலீஷில் சுருக்கிச் சொல்வார். அறிவிப்புகள் இரண்டு தடவை. ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டியது இரண்டே கால் மணி நேரம் போகும். சர்க்கரை வியாதிக்காரர்கள் பையில் பிஸ்கட் வைத்துக்கொண்டு வருவார்கள். பிரசங்கம் ஆழம் குறைந்துவிட்டது என்று பெரியவர்களுக்கு வருத்தம். அதில் நியாயம் உண்டு. ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உள்ளே உள்ளே போகிற பழைய பிரசங்கிகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

தமிழும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் வேதாகமத் தமிழ், பவர் ஐயர் தலைமையில் குழுவாக உட்கார்ந்து செய்து 1871-இல் வந்த மொழிபெயர்ப்பு. 'பரமண்டலம்', 'கிருபாசனம்', 'இரட்சண்யம்' எல்லாம் எங்களுக்குத் தாய்ப்பால் மாதிரி. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னோடு வந்து உட்கார்ந்துவிட்டு, "அத்தை, இது என்ன பாஷை?" என்று கேட்டது. அன்றைக்கு எனக்கு உறைத்தது. மிசோப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்திருந்தேன்.

2018-இல் இது பெரிய பேச்சாக வந்தது. காலை ஏழு மணிக்கு இங்கிலீஷ் ஆராதனை, ஒன்பது மணிக்குத் தமிழ் ஆராதனை என்று பிரித்துவிடலாம் என்று சிலர் கமிட்டியில் எழுதிக் கொடுத்தார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் கேட்கவில்லை. நானே அதற்குக் கைதூக்கும் எண்ணத்தில்தான் இருந்தேன். பிரசங்கம் முழுசாகக் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் அவர்கள் மொழியில் முழுசாகக் கிடைக்கும், யாருக்கு என்ன நஷ்டம்?

கமிட்டி மட்டும் முடிவெடுக்காமல் ஒரு ஞாயிறு மதியம் சபையாரைக் கூட்டினார்கள். இது மதுரைப் பக்கத்துச் சபைகளில் ஊறிப்போன குணம். இங்கே வந்த அமெரிக்கர்கள் காங்கிரிகேஷனல் மரபுக்காரர்கள். சபை கூடிப் பேசி முடிவெடுப்பதே அவர்கள் பிடித்த பிடி. பிற்பாடு 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிகன்களோடும் மெதடிஸ்டுகளோடும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையாகி, பேராயரும் வந்தார். மதுரை–ராமநாதபுரம் பகுதிக்கு முதல் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தவர். பேராயர் இல்லாத மரபில் வளர்ந்த ஒருவரை, பேராயர் இல்லாத மரபில் வளர்ந்த சபைகளுக்குப் பேராயராக்கினார்கள். நாங்கள் பிறந்ததே அப்படிப்பட்ட கலப்பில். இருந்தும் கூடிப் பேசுகிற வழக்கம் மட்டும் போகவில்லை.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினார்கள். கணக்குச் சொன்னார்கள், நேரம் சொன்னார்கள். கடைசியில் பெரியம்மா எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. "எனக்கு இங்கிலீசு விளங்காது. அந்தப் பிள்ளையள் பாடுறதும் விளங்காது. ஆனா அதுகள் இல்லாத கோயிலிலை நான் வந்து என்னத்தைச் செய்யிறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பதில் சொல்ல யாருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. தமிழ் ஆராதனைக்கு வந்து, முன்வரிசை காலியாக இருப்பதைப் பார்த்தபடி நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கைதூக்கச் சொன்னபோது பிரிக்க வேண்டாம் என்ற பக்கம் என் கை போனது.

கூடி ஆராதிப்பதன் சுவை எனக்கு அதிகம் தெரிவது நற்கருணைக்கு முன்னால் வரும் சமாதானத்தில். ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வருவார். முன்னால் நிற்பவர் கைகளை நீட்ட, அவர் கைகளுக்குள் தன் கையை வைத்து "தேவ சமாதானம்" என்று கொடுப்பார். வாங்கியவர் திரும்பிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். வலது உள்ளங்கையோடு உள்ளங்கை சேரும், இடது கை மேலே வந்து மூடும். அப்படியே கை கையாகக் கடைசி பெஞ்சுவரை போகும். தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் ஒழுங்குபடுத்திய வழிபாட்டில் இதைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் எத்தனையோ சபைகள் சமாதானம் கொடுத்து வாங்கும் வழக்கத்தை மீண்டும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் திருச்சபை இதை எங்கிருந்து எடுத்தது என்று நர்ஸ் சேச்சிதான் சொன்னார். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் கோயில்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம் இது. "இது ஞங்ஙள் தந்நதா" என்று சிரித்தார். மலையாளத்திலிருந்து வந்த ஒரு கைப்பழக்கம் எங்கள் மதுரைக் கோயிலில் ஒரு ஜார்க்கண்ட் பையன் உள்ளங்கையில் போய் முடிகிறது. அந்தப் பையனின் உள்ளங்கை சிமென்ட் தின்று வெடித்திருக்கும். அந்தக் கையை வாரம் ஒருமுறை யாராவது இரண்டு கையாலும் பிடிக்கிறார்கள்.

ஜார்க்கண்ட் தம்பிகள் எங்களிடம் வந்த விதம் அரிசியால் ஆனது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடுகளில் பிடி அரிசி என்று ஒன்று உண்டு. உலைக்கு அரிசி அளந்து எடுத்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். மாதக் கடைசியில் அந்தப் பானை கோயிலுக்குப் போகும். என் ஆச்சி, அரிசியே குறைவாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடியை விட்டதில்லை. "நமக்குக் குறைஞ்சா ஆண்டவருக்குக் குறையணுமா?" என்பாள். எங்கள் தலைமுறையில் அது மெதுவாகத் தேய்ந்து, ரூபாயாக மாறிவிட்டது. நாலைந்து வீட்டுப் பெண்கள் மட்டும் விடாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. கோயிலைப் பூட்டினோம். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, கோயிலைக் காவல் காக்கும் அண்ணன் ஐயருக்கு போன் போட்டார். பின்பக்கத்துத் தெருவில் பாதி கட்டின கட்டடத்துக்குள் பத்துப் பதினைந்து வடக்கத்திப் பையன்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், மேஸ்திரி போனை எடுக்கவில்லை, ரெண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்று. கோயில் ஸ்டோர் அறையில் இருந்தது அந்த நாலைந்து பெண்களின் பிடி அரிசிதான், ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாக. ஐயரும் ஐயரம்மாவும் அனுமதி வாங்கிக்கொண்டு கோயில் பின்கட்டில் அடுப்பு மூட்டினார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு நாங்கள் முறை வைத்துப் போனோம். ஆராதனைக்குப் பூட்டிக் கிடந்த கோயிலில் அந்த மாதங்களில் நின்றுபோகாமல் நடந்தது சோறு வடிப்பது ஒன்றுதான்.

சோறு வாங்க வந்த பையன்களில் ஒருவன் கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு மரச் சிலுவை. வாளியைக் கையில் வாங்கிக்கொண்டு ஐயரைப் பார்த்து "யீசு சஹாய்" என்றான். எங்களுக்குத் தெரியாது, அது அவர்கள் ஊர்ச் சபையில் ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கம் என்று. ராஞ்சிப் பக்கம் முண்டா, உராவோன் பழங்குடி மக்கள் நடுவே 1845-இல் ஜெர்மனியிலிருந்து வந்த கோஸ்னர் மிஷன் வழியாக உண்டான லுத்தரன் சபைக்காரர்கள் அவர்கள். அந்தப் பையன்களில் நாலு பேர் இப்போதும் எங்களோடு இருக்கிறார்கள். ஒரு நாள், மிஞ்சிய சோற்றில் ஐயரம்மா தண்ணீர் ஊற்றி மூடி வைப்பதைப் பார்த்துவிட்டு "பாஸி பாத்!" என்று ஒருவன் கத்தினான். மறுநாள் காலையில் அந்தப் பழைய சோற்றை உப்பும் வெங்காயமும் வைத்துக் கொடுத்தபோது அவன் கண் கலங்கியது. அவன் அம்மாவும் அப்படித்தான் கொடுப்பாளாம்.

பிள்ளைகள் கல்லூரிக்குத் திரும்பிய பிறகு இன்னொன்று நடந்தது. பிடி அரிசிப் பானையைக் கோயில் வாசலில் எடுத்து வைத்திருந்தோம். மிசோப் பிள்ளை ஒருத்தி, அது என்ன என்று கேட்டாள். நான் சொல்லி முடிக்கும் முன்னால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, எங்க ஊர்ல இதுக்குப் பேரு புஃபாய் தாம்!" அவர்கள் பாஷையில் அரிசியில் ஒரு பிடி என்றே அர்த்தம். மிசோரம் சபையில் 1910-லிருந்து வீடு வீடாகப் பெண்கள் செய்து வருகிறார்களாம், சமையலுக்கு எடுக்கும் ஒவ்வொரு வேளையும். அந்தப் பிடி அரிசியை விற்று வந்த காசில்தான் அவர்கள் சபை எத்தனையோ ஊழியங்களை நடத்தியிருக்கிறது. எங்கோ மலை மேல் இருக்கும் ஒரு வீட்டு அடுக்களையில், என் ஆச்சியைப் போலவே ஒரு கிழவி ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போட்டிருக்கிறாள். எங்கள் வீட்டுப் பெண்கள் மறந்து கொண்டிருந்ததை அந்தப் பிள்ளை வந்து திரும்ப எடுத்துக் கொடுத்தாள். இப்போது முப்பது வீட்டுக்கு மேல் பிடி அரிசி வருகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அந்த அரிசி ஒரே உலையில் வேகும். எல்லோரும் பின்கட்டில் பாய் விரித்து உட்காருவோம்.

ஒரே உலை என்பது எங்கள் மதுரைச் சபை வரலாற்றில் லேசான விஷயம் இல்லை. 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன் ஒரு தீர்மானம் போட்டது: சாதியை விட்டதற்கு அடையாளமாக மற்றவரோடு உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறவர்களுக்குச் சபையில் இடம் இல்லை. உபதேசிமார் உட்படப் பலர் வெளியே போனார்கள். ஜெபிக்கத் தயார், பாடத் தயார், பிரசங்கிக்கவும் தயார், ஆனால் பறைச்சேரிக்காரன் சமைத்த சோற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து தின்னத் தயாரில்லை. அந்தச் சோதனை இன்றைக்கும் முடியவில்லை. கல்யாணப் பேச்சு வரும்போது எந்த ஊர், எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துக் கேட்கிற கிறிஸ்தவர்கள் எங்கள் சபையிலும் இருக்கிறார்கள். மிசோப் பிள்ளைக்குத் தட்டு எடுத்துக் கொடுக்கும் கை, சொந்த ஊர்க்காரனுக்குப் பெண் கொடுக்க மடங்கிக்கொள்கிறது. தூரத்து மனுஷனை நேசிப்பது கிட்டத்து மனுஷனை நேசிப்பதைவிட எளிது. பல பாஷைக்காரர்கள் வந்ததால் எங்கள் பழைய பாவம் தீர்ந்துவிட்டதாக யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் ஞாயிறு பந்தி தொடங்கியபோது ஐயர் பிரசங்கம் பண்ணவில்லை. பின்கட்டுச் சுவரில் ஒரு வசனத்தை மட்டும் எழுதச் சொன்னார். கொரிந்து சபையில் வசதி உள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, வேலை முடித்து வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். அவர்களுக்குப் பவுல் எழுதியது: "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." சுவரில் சுண்ணாம்பு அடித்து, நீல எழுத்தில் இருக்கிறது. ஞாயிறு டூட்டி விழுந்தால் சேச்சி அதை முடித்துவிட்டுப் பன்னிரண்டரை மணிக்கு வருவார். அவர் வரும்வரை யாருக்கும் பரிமாறுவதில்லை.

இடையில் ஒன்று. ஜார்க்கண்ட் தம்பிகளில் ஒருவன் போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. வேலை கொடுத்தவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனவர்கள்தான், திரும்ப வரவில்லை. பதினெட்டு நாள் ராத்திரிக்கு ஒரு ஆள் என்று முறை போட்டோம். என்னுடைய இந்தி பள்ளிக்கூடத்தில் தேர்வுக்குப் படித்தது. டாக்டர் சொன்னதை அவனுக்கும் அவன் வலியை டாக்டருக்கும் அந்த இந்தியில்தான் சொன்னேன். ஒரு ராத்திரி தெலுங்குக் குடும்பத்து மாமா முறை. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை. விடியும்வரை அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாராம். கூலி பாக்கியும் மருத்துவச் செலவும் கேட்டு அலைந்ததில் பாதிதான் கிடைத்தது. மீதிக்கு இன்னும் அலைகிறோம்.

இனி மேளக் கதை. எழுத நினைத்தபோதெல்லாம் தள்ளிப் போட்டது இதுதான்.

மிசோப் பிள்ளைகள் ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து திரும்பும்போது ரயிலில் ஒரு குவாங் கொண்டுவந்தார்கள். குவாங் என்பது மரத்தைக் குடைந்து தோல் கட்டிய மேளம். ஒரு கோலால் அடிப்பார்கள். அது இல்லாமல் அவர்கள் ஊரில் பாட்டே எழும்பாது. அதைப் பீடத்துக்குப் பக்கத்திலேயே வைத்து வாசித்தார்கள். நாலு பேரும் நாலு குரலில் பிரித்துப் பாட, மேளம் நடுவில் நெஞ்சுத் துடிப்பு மாதிரி போனது. சபையே சொக்கிப்போனது.

என் அப்பா அன்றைக்கு முதல் வரிசையில் இருந்தார். எண்பத்து நாலு வயது, ஓய்வு பெற்ற மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தின் சேரியில் பிறந்தவர். அவருடைய பெரியப்பாமார் ஊரில் சாவு விழுந்தால் பறையோடு போய் நிற்க வேண்டும். போகவில்லை என்றால் அடி. போனால் கூலியாகப் பழங்கஞ்சி. பறைச் சத்தம் கேட்டாலே அப்பா ஜன்னலைச் சாத்துவார். "நான் படிச்சதே அந்த மேளம் என் தோளுக்கு வரக்கூடாதுன்னுதான்" என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். அரசரடி இறையியல் கல்லூரியில், எல்லோரும் பரட்டை அண்ணன் என்று அழைத்த தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்து, தேவனைப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டு, ஒரே உலையில் பொங்கித் தின்பதையே வழிபாடாகப் பேசிய காலத்தில்கூட அப்பா அங்கே போக மறுத்தவர்.

ஆராதனை முடிந்ததும் அப்பா மேளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். தோலைத் தொட்டார். "இவங்களுக்கு இது கேவலமாத் தெரியலையா? கேளு" என்றார் என்னிடம். கேட்டேன். அந்தப் பிள்ளை நிதானமாகச் சொன்னாள். 1894-இல் முதல் மிஷனரிகள் வந்தபோது இந்த மேளத்தைச் சபைக்கு வெளியே நிறுத்தினார்களாம், பழைய வாழ்க்கையின் அடையாளம் என்று. பிற்பாடு எழுப்புதல் வந்த காலத்தில், மேளமில்லாமல் மனசு பாடவில்லை என்று ஜனங்களே உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். நான் தமிழில் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை.

அந்த வருஷம் ஈஸ்டர் விடியற்காலை ஆராதனைக்குப் பறை வாசிக்கலாமா என்று வாலிபர்கள் கேட்டார்கள். கமிட்டியில் பெரிய சண்டை. கோயிலுக்குள் சாவு மேளமா என்று கேட்டவர்கள், குவாங்குக்குக் கைதட்டியவர்கள்தான். ஐயர் ஒன்றை நினைவுபடுத்தினார்: இன்றைக்கு நாம் பரிசுத்தம் என்று நினைக்கும் கீர்த்தனைகளும் ஒரு காலத்தில் சபைக்குப் புதுசாக வந்தவையே. மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சுப் போட்டார். நம் ஊர் ராகம் சபையின் பொது வழிபாட்டில் வேரூன்ற அப்படிப்பட்டவர்கள் பாடுபட வேண்டியிருந்தது. பேச்சு அடங்கவில்லை. கடைசியில் யாரோ அப்பாவைக் கேட்டார்கள், ஐயா நீங்க என்ன சொல்றீங்க என்று.

"அடிக்கட்டும்," என்றார் அப்பா. "கூலிக்கு அடிக்கக் கூடாது. எவன் சொல்லியும் அடிக்கக் கூடாது. அவங்களா ஆசைப்பட்டு அடிக்கணும்."

ஈஸ்டர் அன்று காலை நாலரை மணிக்குக் கோயில் முற்றத்தில் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார்கள். தோல் விறைக்க விறைக்கச் சத்தம் கூர்மையானது. இருட்டில் அந்த நெருப்பு வெளிச்சத்தில் அப்பா கம்பை ஊன்றி நின்றார். கைதட்டவில்லை, பாடவும் இல்லை. ஆனால் ஜன்னலைச் சாத்துகிற மனுஷர் முழு நேரமும் நின்றார். மிசோப் பிள்ளை தன் குவாங்கைக் கொண்டுவந்து பறைக்காரப் பையன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் அடி பிடிபடாமல் கேட்டு, அப்புறம் சேர்ந்துகொண்டாள்.

இரண்டு குடும்பங்கள் அதற்குப் பிறகு வரவில்லை. ஒன்று என் சிநேகிதியின் குடும்பம். ஞாயிறு பள்ளியில் என்னோடு வசனம் ஒப்பித்தவள். அவர்கள் செய்தது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதே சமயம் சமாதானம் கொடுக்கத் திரும்பும்போது அவள் உட்கார்ந்திருந்த இடம் வெறுமையாக இருப்பது இன்னமும் வலிக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்குக் கேக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள். அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

தான்சானியா டாக்டர் ஊருக்குப் போய்விட்டார். மிசோப் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இது கடைசி வருஷம். இந்தச் சபையில் யாரும் நிலையாக இருப்பதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் புது முகங்களுக்கு முதலிலிருந்து எல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். பெரியம்மாவுக்குக் கார்த்திகையில் லேசாக வாதம் வந்து நாக்குக் கொஞ்சம் குழறுகிறது. இப்போது அவர் பரமண்டல ஜெபம் முடிக்க முன்னைவிட இன்னும் கொஞ்ச நேரமாகிறது. ஆர்கன் தம்பி கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறான்.

ஜார்க்கண்ட் தம்பிகள் அறுப்புக்கு ஊருக்குப் போய்விட்டு, கிறிஸ்துமஸை வீட்டில் முடித்து, முந்தா நாள்தான் திரும்பினார்கள். தொடை முறிந்த தம்பியும் போயிருந்தான். கைத்தடி இல்லாமல் நடக்கிறான். அவன் அம்மா கொடுத்தனுப்பியது என்று பத்துக் கிலோ போல ஒரு துணி மூட்டையை எங்கள் வீட்டுத் திண்ணையில் இறக்கினான். மேட்டு நிலத்தில் விளைந்த சிவப்பு அரிசி. இந்த ஞாயிறு முதல் ஞாயிறு, உலை எங்கள் வீட்டு முறை. அந்த அரிசி வேக நம் அரிசியைவிட இரண்டு பங்கு நேரம் ஆகுமாம். சனிக்கிழமை ராத்திரியே ஊறப்போட்டுவிட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அப்பா ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, நம்ம ஊர்ல முந்தி இப்படித்தான் இருக்கும் என்றார்.